கருந்துளைப் படமும் விமானம் ஏறிய வன்தட்டுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒளியைக்கூட விழுங்கிவிடும் கருந்துளையை யாரோ கேமராவில் 'கிளிக்' செய்துவிட்டார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஈசூன் காப்பிக்கடையில் என் நண்பர்களும் அப்படித்தான் வாதாடினார்கள்.

உண்மையில் நடந்தது வேறு. 2017 ஏப்ரலில் ஹவாய் முதல் தென்துருவம் வரை எட்டு ரேடியோ தொலைநோக்கிகள், மிகத் துல்லியமாக நேரம் காட்டும் அணுக்கடிகாரத்தின் துணையோடு ஒன்றுசேர்ந்து விண்ணை நோக்கின. சேர்ந்த தரவு இணையத்தில் அனுப்ப முடியாத அளவு பெரியது. அதைச் சேமித்த வன்தட்டுகளை (ஹார்ட் டிஸ்க்) விமானத்தில்தான் ஏற்றினார்கள். தென்துருவத் தட்டுகளோ குளிர்காலம் முடியும்வரை அங்கேயே கிடந்தன! அப்புறம் எல்லாவற்றையும் கணினியில் இணைத்து, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படத்தை வெளியிட 2019 ஏப்ரல் 10 ஆகிவிட்டது. ஆரஞ்சு நிறம்கூட நம் கண்ணுக்காகக் கொடுத்ததுதான். வந்தது கண்ணுக்குத் தெரியாத, 1.3 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலை.

மாணவர் பக்கத்தில் இதை விளக்கப்படத்தோடு போடுங்களேன். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் தமிழிலேயே படிக்கட்டும்.

– ஈசூன் வாசகர்