பெட்ரோலைக் குறை சொல்லுமுன் வால்வைப் பாருங்கள்

அனுப்புநர்:
பலகாரக் கடை உரிமையாளர்,
கோட்டையூர், காரைக்குடி வட்டம்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு மேலாளர்,
கார் நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: எஞ்சினுக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வில் கரி படிந்திருந்ததைப் பார்க்காமலே மூன்று முறை வேறு வேலைகளுக்குப் பணம் வாங்கியது, கரி எடுத்த செலவைத் தர மறுத்தது தொடர்பாக.

ஐயா,

2021-இல் உங்களிடம் வாங்கிய டர்போ பெட்ரோல் காரைப் பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் கடிதத்துக்கு, என் கருத்தை மதிப்பதாக நாலு வரியில் ஒரு பதில் வந்தது. இரண்டாவதற்குப் போன வாரம் வந்த பதிலில்தான் விஷயம் இருக்கிறது. "தரமற்ற பெட்ரோலாலும் குறைந்த தூர ஓட்டத்தாலும் ஏற்பட்ட கரிப் படிவு என்பதால் வாரண்டியில் வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து இவ்வளவும் எழுதுகிறேன்.

எனக்குப் பலகார வியாபாரம். விடியற்காலை நாலரை மணிக்கு முதல் ஈடு எடுத்து, தேன்குழலையும் சீப்புச்சீடையையும் டின்னில் அடைத்து, காரைக்குடியில் ஐந்து கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவேன். போக வர பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். மாதத்தில் இரண்டு தடவை மதுரைக்கோ திருச்சிக்கோ போவதுண்டு. வண்டி இப்போது 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு சர்வீஸும் தவறியதில்லை. எல்லாமே உங்கள் சென்டரில், உங்கள் ஆயிலில் நடந்தவை. பில்களை இணைத்திருக்கிறேன்.

போன ஐப்பசியில், தீபாவளி ஆர்டர் குவிந்திருந்த நேரத்தில்தான் தொல்லை தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி குளிர்காய்ச்சல் வந்தவர் போல நடுங்கும், பின்னால் டின்கள் கடகடவென்று ஆடும். இரண்டு நிமிடம் போனால் சரியாகிவிடும். அப்புறம் திருச்சி ரோட்டில் ஒரு லாரியை முந்தப் போனால் இழுவை இல்லை. லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி 12-க்கு இறங்கியது. ஒரு நாள் எஞ்சின் விளக்கும் எரிந்தது.

உங்கள் சென்டருக்குப் போனேன். முதல் தடவை ஸ்பார்க் பிளக் மாற்றி 2,850 ரூபாய் வாங்கினார்கள். மூன்றே வாரத்தில் பழையபடி நடுக்கம். இரண்டாவது தடவை ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு இக்னிஷன் காயில், கூடவே டேங்கில் ஊற்ற ஒரு டப்பா கிளீனர் என்று 7,400 ரூபாய். மூன்றாவது தடவை காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பாடி சுத்தம், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் சுத்தம், மறுபடியும் அதே கிளீனர் டப்பா, 6,350 ரூபாய். ஆக 16,600. ஒவ்வொரு முறையும் காபி கொடுத்தார்கள். காபி நன்றாகவே இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். கடைசி முறை சர்வீஸ் தம்பி, "ஆச்சி, ஹைவேல கொஞ்சம் விரட்டி ஓட்டுங்க, கரியெல்லாம் எரிஞ்சிடும்" என்று யோசனையும் சொன்னார். அதையும் செய்தேன். மூன்றாவது கியரிலேயே எஞ்சின் கத்தக் கத்தத் திருமயம் வரை போய் வந்தேன். கோட்டையைப் பார்த்ததுதான் மிச்சம்.

எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டினேன். ஸ்கேனரைச் செருகினார். பி0300, பி0302 என்று வந்தது. அதாவது மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியாமல் போவது, அதிலும் இரண்டாவது சிலிண்டரில். அந்தச் சிலிண்டரின் காயிலைக் கழற்றி ஒன்றாவது சிலிண்டரில் மாட்டினார், அங்கிருந்ததை இங்கே மாட்டினார். கோளாறு காயிலோடு நகரவில்லை, இரண்டாவதிலேயே நின்றது. காயிலில் குற்றமில்லை என்று தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் ஆயிற்று. இதே சோதனையைச் செய்யாமல்தான் நீங்கள் எனக்குப் புதுக் காயில் விற்றீர்கள்.

பிறகு காற்று உள்ளே போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிக் கேமராவை உள்ளே விட்டார். வால்வின் தண்டும் தலையும் சேருகிற வளைவில் கறுப்பாக, மேடும் பள்ளமுமாக, கருகிப்போன வெல்லப்பாகு போல அப்பியிருந்தது. ஒரு குச்சியை விட்டுச் சுரண்டிக் கொடுத்தார். விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். மேலே பிசுபிசுப்பு, உள்ளே கல். முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்த சாமான்தான் அது. எங்கள் அடுப்புக்கு மேலே இருக்கும் தகரக் கூண்டில் இதேதான் படியும். எண்ணெய்ப் புகை படுகிற இடம் சூடாகவும் இருந்தால் பிசுக்கு இறுகிக் கரியாகிவிடும். அதற்கு நான் அடுப்பெரிக்கும் விறகைக் குறை சொன்னதில்லை.

இனி உங்கள் "தரமற்ற பெட்ரோல்" விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு முன்னால் நான் வைத்திருந்த கார் 11 வருஷம் இதே ரோட்டில், இதே பங்க் பெட்ரோலில் ஓடியது. அதில் இன்ஜெக்டர் வால்வுக்கு வெளியே, காற்று வரும் வழியில் இருந்தது. பெட்ரோல் வால்வின் முதுகில் பட்டுத்தான் உள்ளே போகும். போகிற போக்கில் அதைக் கழுவியும் விடும். உங்கள் காரில் டைரக்ட் இன்ஜெக்ஷன். நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பாய்கிறது. வால்வின் முதுகுக்குக் காற்று மட்டும்தான். அந்தக் காற்றும் சுத்தமில்லை. பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் வாயு ஆயில் ஆவியைத் தூக்கிக்கொண்டு, அதைத் திருப்பி அனுப்பவென்றே இருக்கும் பிசிவி வால்வு வழியாகத் திரும்ப இன்டேக்குக்கே வருகிறது. எரிந்த புகையிலும் கொஞ்சம் பின்னால் வந்து சேரும். சூடான வால்வில் அது வறுபடுகிறது, கழுவ ஆளில்லை. பெட்ரோல் தொடாத இடத்தில் படிந்த ஆயில் கரிக்குப் பெட்ரோல்தான் காரணம் என்றால், அதை நீங்கள்தான் விளக்க வேண்டும்.

அந்தக் கிளீனர் டப்பாக்களும் அப்படித்தான். டேங்கில் ஊற்றினால் அது பெட்ரோலோடு சேர்ந்து இன்ஜெக்டர் வழியாகச் சிலிண்டருக்குள் போகும். இன்ஜெக்டர் முனைக்கு நல்லதாக இருக்கலாம், இன்டேக் வால்வின் முதுகுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? சட்டிக்குள் ஊற்றிய தண்ணீர் சட்டியின் அடிக்கரியைக் கழுவுமா? இதை எனக்கு ஒரு முறை அல்ல, இரண்டு முறை விற்றிருக்கிறீர்கள்.

குறைந்த தூர ஓட்டத்தை மறுக்கவில்லை. ஆயில் நன்றாகச் சூடேறுவதற்குள் வண்டியை நிறுத்தினால் தண்ணீரும் பெட்ரோல் ஆவியும் ஆயிலில் தங்கி இந்தப் பிசுக்கைக் கூட்டும் என்று மெக்கானிக்கும் சொன்னார். சரி. ஆனால் வண்டி வாங்கும்போது தினமும் கோட்டையூரிலிருந்து காரைக்குடி போய் வருவேன் என்று உங்கள் ஷோரூமில் வாய்விட்டுச் சொன்னேன். "அதுக்கென்றே செய்த வண்டி ஆச்சி" என்றார்கள். உங்கள் கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிவிட்டேன். இன்டேக் வால்வைப் பார்க்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை.

இது உங்களுக்குப் புதுச் செய்தியும் இல்லை. மிட்சுபிஷி 1996-இலேயே இந்த டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினைக் காரில் விற்கத் தொடங்கிவிட்டது. டொயோட்டா 2005-இல் டி-4எஸ் என்று ஒரே எஞ்சினில் இரண்டு இடத்திலும் இன்ஜெக்டர் வைத்தது. அப்படி வைத்தால் வால்வைக் கழுவப் பெட்ரோல் கிடைத்துவிடுகிறது. ஆட்டோமொபைல் படிக்கிற என் தங்கை மகன் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். உங்கள் இன்ஜினியர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

கடைசியில் மதுரையில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். அக்ரூட் ஓட்டைக் குருணையாக உடைத்துக் காற்றழுத்தத்தில் அடித்துக் கரியை எடுத்தார்கள். அந்த ஓடு கரியைப் பெயர்க்கிற அளவுக்குக் கெட்டி, வால்வின் இரும்பையும் அலுமினியத்தையும் கீறுகிற அளவுக்குக் கெட்டியில்லை. ஒவ்வொரு சிலிண்டராக எஞ்சினைக் கையால் சுற்றி, அதன் வால்வுகள் மூடியிருக்கும்படி வைத்துக்கொண்ட பிறகுதான் அடிக்கிறார்கள். திறந்திருந்தால் ஓடெல்லாம் சிலிண்டருக்குள் போய்விடும். அடிக்க அடிக்க வேக்குவம் குழாய் ஓட்டுக் குருணையையும் கரியையும் உறிஞ்சுகிறது. ஆறு வால்வுக்கும் அரை நாள் ஆயிற்று. இரண்டாவது சிலிண்டரின் ஒரு வால்வில் மட்டும் விடாப்பிடியாக ஒட்டியிருந்ததை மருந்தில் ஊறவைத்துக் கையால் சுரண்டினார்கள். கேஸ்கெட்டோடு 14,500 ரூபாய். அதற்குப் பிறகு 4,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். நடுக்கமில்லை, விளக்கும் எரியவில்லை. மைலேஜ் 14.5-க்கு ஏறிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிஸ்ஃபயர் ஆகும்போது எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதன் விலை உங்களுக்கே தெரியும். அப்படியொரு வண்டியை மூன்று முறை "ரெடி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தீர்கள்.

ஆகவே, தேவையில்லாத வேலைகளுக்கு வாங்கிய 16,600 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். காசு கொடுத்து நீட்டித்த வாரண்டி இன்னும் உயிரோடு இருப்பதால், கரி எடுத்த 14,500 ரூபாயும் உங்கள் பொறுப்பு. இந்த எஞ்சினில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை வால்வைக் கேமராவில் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள். பணத்தைவிட எனக்கு முக்கியம், "தரமற்ற பெட்ரோல்" என்ற வார்த்தையை என் வண்டியின் சர்வீஸ் பதிவிலிருந்து எடுப்பதுதான். அது அங்கே கிடந்தால் நாளைக்கு டர்போ போனாலும் அதையே காட்டிக் கையை விரிப்பீர்கள்.

30 நாள் பார்ப்பேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன். பதில் வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சிவகங்கையில் மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். சிவகங்கை எனக்கு ஒன்றும் தூரமில்லை, வண்டியும் இப்போது நன்றாக ஓடுகிறது.

பில்கள், ஸ்கேனர் பதிவு, கரி எடுப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த வால்வுப் படங்கள் ஆகியவற்றோடு ஒரு சின்ன டப்பாவும் இணைத்திருக்கிறேன். கையால் சுரண்டிய கரியில் பாதி அதில் இருக்கிறது. உங்கள் ஆய்வகத்தில் கொடுத்து அது பெட்ரோலா ஆயிலா என்று பாருங்கள். மீதிப் பாதி என்னிடம், ஆணையத்துக்காகப் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
கோட்டையூர் பலகாரக் கடை உரிமையாளர்