கணினியில் வெற்றியா, களத்தில் வெற்றியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுப் பணத்தில் நடக்கும் ஓர் ஆராய்ச்சி 'வெற்றி' என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் செய்தி வந்திருந்தது. கடைசிப் பத்திக்கு வந்தபிறகுதான் தெரிந்தது, அந்த வெற்றி சிமுலேஷனில், அதாவது பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியில் போட்டுப் பார்க்கும் கணக்கில் கிடைத்தது. பொருளை இன்னும் யாரும் செய்துகூடப் பார்க்கவில்லை.

சிமுலேஷனைக் குறை சொல்ல நான் வரவில்லை. 26 வருடம் எனக்குச் சோறு போட்டது அதுதான். நூறு வடிவங்களைச் செய்து உடைத்துப் பார்க்க எந்த அரசிடமும் பணமில்லை. கணினியில் தொண்ணூறைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் செய்து பார்க்கலாம். சரி, நல்லதுதான். ஆனால் நாம் சொல்லிக்கொடுத்ததை வைத்துத்தானே அது விடை சொல்லும்? ஒருமுறை சோதனைக்கூடத்துக்காக ஓர் இரும்புத் தாங்கியைக் கணக்கிட்டேன். அதன் அடிப்பக்கம் தரையோடு துளியும் அசையாது என்று வைத்துக்கொண்டேன், வேலை சுலபமாகுமே என்று. அதன் அதிர்வெண், அதாவது தட்டினால் விநாடிக்கு எத்தனை முறை அதிரும் என்பது, 40 ஹெர்ட்ஸுக்கு மேல் வந்தது. கணினி காட்டிய வண்ணப் படத்தைப் பார்த்து எல்லோரும் தலையாட்டினார்கள். செய்து நிறுத்திச் சுத்தியலால் தட்டி அளந்தால் 30-ஐத் தொடவில்லை. போல்ட்டுகள் கொஞ்சம் நெகிழ்ந்துகொடுக்கும் என்பதைக் கணினிக்கு நான் சொல்லவே இல்லை.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பிய நாடுகளின் ஏரியான் 5 ராக்கெட், முதல் பயணத்திலேயே, கிளம்பிய 40 விநாடிக்குள் சிதறியது. ஏரியான் 4-இல் ஓடிய திசையறி மென்பொருளை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம், அதில் எண்ணுக்கு ஒதுக்கிய இடத்துக்குள் அடங்காமல் மென்பொருள் நின்றுபோனது. தரையில் ஒத்திகை நடக்காமல் இல்லை. அசல் திசையறி கருவிக்குப் பதிலாக, அதைப் போல நடிக்கும் மென்பொருளை வைத்து ஒத்திகை பார்த்திருந்தார்கள்! விசாரணை அறிக்கை இதையெல்லாம் ஒளிக்காமல் பொதுவில் வைத்தது, அதைப் பாராட்டவேண்டும்.

அமெரிக்காவின் நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டி என்பது லேசரால் அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கப் பார்க்கும் ஆய்வுக்கூடம். அங்கே கணினிக் கணக்குகளை நம்பி, 2012-க்குள் அணுக்கரு இணைவு பற்றிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார்கள். பற்றவில்லை. 2022 டிசம்பரில்தான் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைக் கொடுத்து 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். இடையில் போன வருடங்கள் வீண் என்று சொல்லமாட்டேன், சோதனைகள் கணக்கைத் திருத்திக்கொண்டே வந்தன. நான் பார்த்தவரையில், நிதி குறைந்தால் முதலில் வெட்டு விழுவது இப்படிப்பட்ட சோதனைகளுக்குத்தான். "படமே இவ்வளவு தெளிவாக வந்துவிட்டதே, இனி எதற்கு?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

மக்கள் பணத்தில் நடக்கும் திட்டம் எதுவானாலும், சிமுலேஷன் முடிவோடு, எதையெதை உண்மை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள், எந்த அளவீட்டோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் வெளியிடச் சொல்லவேண்டும். ஒப்பிடவே இல்லையென்றால் அதையும் எழுதட்டும். அப்புறம், உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த முறை 'கணினிக் கணக்கில்' என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். இடம் போதவில்லை என்றால் 'வெற்றி'யை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர்