ஏசி மின்னோட்டத்தில் வேலை செய்யாத டிக் வெல்டிங் இயந்திரமும் "டெஸ்ட் ஓகே" என்ற ஜாப் கார்டும்: புகார்

அனுப்புநர்:
(பெயரும் முகவரியும் தங்கள் பில்லில் உள்ளபடி)
திருவெறும்பூர், திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்:
தலைமை மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 14.10.2025

பொருள்: 200 ஆம்பியர் ஏசி/டிசி டிக் வெல்டிங் இயந்திரம் – ஏசியில் அலுமினியம் ஒட்டாதது – சோதிக்காமலே "சரி" என்று திருப்பி அனுப்பியது – பழுதுநீக்கத்துக்குப் பின் புதிய கோளாறு – மாற்று இயந்திரம் அல்லது முழுப்பணம் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். தங்கள் கோயம்புத்தூர் சேவை மையத்திலிருந்து சென்ற வாரம் திரும்பி வந்த என் இயந்திரம், போன குறையோடேயே வந்திருப்பது மட்டுமல்லாமல், போகும்போது இல்லாத இன்னொரு குறையையும் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். தொலைபேசியில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய குரல் புகார் எண்ணைக் கேட்கிறது, கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறது, "டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பியிருக்கிறோம் சார்" என்று வைத்துவிடுகிறது. அந்த டெக்னிக்கல் டீம் எந்த ஊரில் இருக்கிறது என்பதை இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே இனி எல்லாம் எழுத்திலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்து இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இயந்திரத்தின் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். டிக் வெல்டிங்கில், டார்ச் என்னும் கைப்பிடியில் உள்ள டங்ஸ்டன் கம்பியிலிருந்து எழும் ஆர்க் என்ற மின்சுடர் உலோகத்தை உருக்கும்; ஆர்கான் வாயு அதைக் காற்று படாமல் காக்கும். ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம் டிசி, திசை மாறி மாறி ஓடுவது ஏசி. டிசியில் அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2 மி.மீ. இரும்புத் தகட்டை 80 ஆம்பியருக்குள் வைத்து அழகாக ஒட்ட முடிகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் பின்பக்கமும் ஆர்கான் விட்டு நான் போட்ட வெல்டிங், பொன்னிறம் மாறாமல் வந்தது. அதே டார்ச், அதே சிலிண்டர், அதே கை. சுவிட்சை ஏசிக்கு மாற்றி அலுமினியத்தில் வைத்த உடனே எல்லாம் கெட்டுவிடுகிறது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதன்மேல் படிந்திருக்கும் ஆக்சைடு உருகுவதற்கோ 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஏசியில் டங்ஸ்டன் பாசிட்டிவாக இருக்கும் அரைச்சுற்றுதான் அந்த ஆக்சைடைச் சிதைத்து விலக்குகிறது. அது நடக்காவிட்டால் உலோகம் ஆடை படர்ந்த பால் போல உள்ளேயே தளும்பிக்கொண்டு கிடக்கும். இணைப்பை நிரப்ப உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் ராடைக் காட்டினால் அது கலக்காமல் நுனியில் உருண்டு நிற்கும். என் இயந்திரத்தில் நடப்பது அட்சரம் பிசகாமல் இதுதான்.

இதை உறுதி செய்ய எனக்குக் கிடைத்த அடையாளங்கள் மூன்று, மூன்றும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. ஏசி சரியாக ஓடினால் வெல்டிங்கின் இருபுறமும் உறைபனி படிந்தாற்போன்ற வெண்மையான பட்டை விழ வேண்டும். விழவில்லை. கூராகச் சீவிய டங்ஸ்டனின் முனை ஏசியில் கொஞ்சமாவது மழுங்கி உருள வேண்டும். 120 ஆம்பியரில் ஓட்டிய பிறகும் என் டங்ஸ்டன் ஊசி போலவே இருக்கிறது. முன்பலகையில் உள்ள, ஏசியின் இரு அரைச்சுற்றுகளின் பங்கை மாற்றும் பேலன்ஸ் குமிழை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பினாலும், ஃப்ரீக்வென்சியை 60 ஹெர்ட்ஸிலிருந்து 120க்கு உயர்த்தினாலும், ஆர்க்கின் சத்தம் மாறவே இல்லை; ஏசிக்கே உரிய அந்த ரீங்காரம் எழவில்லை. ஆக, திரையில் ஏசி என்று எழுதிவிட்டு வெளியே டிசிதான் வருகிறது. மின்னோட்டத்தின் திசையை மாற்றிவிடும் இரண்டாம் கட்ட ஐஜிபிடி (மின்னணு சுவிட்ச்) வேலை செய்யவில்லை என்பது என் ஊகம். சரியான காரணத்தைச் சொல்ல வேண்டியவர்கள் அந்தச் சுற்றை வடிவமைத்த நீங்கள்.

அடுத்த தெருவில் வசிக்கும் ஒருவர், பாய்லர் குழாய்களுக்கு ஆர்கான் வெல்டிங்கில் ரூட் (முதல் அடுக்கு) போட்டே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர். ஒரு மாலை அவரை அழைத்து வந்தேன். அவர் ஹெல்மெட்டைக்கூட எடுக்கவில்லை. பட்டறைக்கு வெளியே திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "சார், இது ஏசி சத்தமே இல்லை, நிறுத்துங்க, ராடு வேஸ்ட்டு" என்றார். திண்ணையில் உட்கார்ந்தவருக்குக் காதால் தெரிந்தது, தங்கள் சேவை மையத்துக்குக் கருவிகளைக் கொண்டும் தெரியவில்லை.

இப்போது தங்கள் தொலைபேசிப் பணியாளர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார். ஆகஸ்ட் மாதப் பதிவுகளில் என் எண்ணைத் தேடினால் தங்களுக்கே யார் என்று தெரிந்துவிடும். மேலே எழுதியதை எல்லாம் அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் ஐடிஐ முடித்தவரா?" என்பது. இல்லை, கூட்டுறவுத் துறையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றேன், வெல்டிங் என் பொழுதுபோக்கு என்றேன். "அதான் சார் பிரச்சினை. அலுமினியத்துக்குக் கை பழக வேண்டும். சும்மா வீட்டில் செய்கிறவர்களுக்கு இந்த மெஷின் செட் ஆகாது" என்றார். ஐயா, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட என் பணத்தை வாங்கிக்கொள்ளும்போது அந்த மெஷினுக்கு நான் செட் ஆனேன் அல்லவா? தங்கள் விளம்பரத் தாளில் "வீட்டுப் பட்டறைக்கும் ஏற்றது" என்று அச்சடித்தது யார்?

அதோடு நிற்காமல் எனக்குப் பாடமும் எடுத்தார். கேஸ் போதாது, 20 லிட்டருக்கு ஏற்றுங்கள் என்றார். டார்ச்சின் முனையில் ஆர்கான் வெளிவரும் 7ஆம் எண் கப்புக்கு நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் தாராளம். அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் ஆர்கான் சுழன்றடித்து வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துவிடும் என்பது இந்த வேலையைத் தொட்ட எவருக்கும் தெரியும். பச்சை வளையம் போட்ட தூய டங்ஸ்டனை மாட்டச் சொன்னார். அது பழைய மின்மாற்றி இயந்திரங்களின் காலத்துப் பழக்கம். தங்கள் கையேடே 2 சதவீத லாந்தனம் கலந்த நீல வளையத்தைத்தான் சொல்கிறது, நான் மாட்டியிருப்பதும் 2.4 மி.மீ. நீலம்தான். தங்கள் கையேட்டைத் தங்கள் பணியாளருக்கு நான் வாசித்துக் காட்டும் நிலை வந்ததே என்பதுதான் என் ஆற்றாமை.

கையைக் குறை சொன்னதால் என் கை என்ன செய்கிறது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். தகட்டை அசிட்டோனால் துடைத்த பிறகே, அலுமினியத்துக்கென்று தனியே வைத்திருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். முன்னதாகத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு உலோகத்துக்குள் இறங்கிவிடும். அந்தப் பிரஷ் இரும்பைத் தொட்டதே இல்லை. டங்ஸ்டனைக் குறுக்காகச் சீவாமல் நீளவாக்கில் சீவுகிறேன். சீவிய கோடுகள் முனையை நோக்கி ஓடினால்தான் ஆர்க் அலையாமல் நிற்கும். டார்ச்சைச் செங்குத்திலிருந்து 15 டிகிரிக்கு மேல் சாய்ப்பதில்லை. ஆர்க்கின் நீளம் டங்ஸ்டனின் பருமனைத் தாண்டுவதில்லை. 4043 என்ற அலுமினிய ஃபில்லர் ராடின் நுனியைச் சொட்டுக்குச் சொட்டு இடையில் ஆர்கானின் நிழலை விட்டு வெளியே இழுப்பதில்லை. இழுத்தால் சூடான நுனியில் ஆக்சைடு ஏறி, அடுத்த சொட்டோடு உள்ளே போய்விடும். நண்பர் ஒருவரின் பட்டறையில் உள்ள வேறு இயந்திரத்தில், இதே ராடையும் இதே தகட்டின் மிச்சத்தையும் கொண்டு இதே கையால் போட்ட வெல்டிங்கின் புகைப்படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அடுக்கி வைத்த காசு போல வந்திருக்கிறது. கை பழகாதவன் போட்டது அது.

சரி, கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்தருள்க. சேவை மையத்துக்கு வருகிறேன்.

கூரியரில் போனால் அடிபடும் என்று அஞ்சி, இயந்திரத்தை நானே கரூர் வழியாகப் பேருந்தில் கொண்டுபோய்க் கோயம்புத்தூரில் இறங்கினேன். இந்த வயதில் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு பேருந்து மாறியதில் பிடித்த இடுப்பு இன்னும் விடவில்லை. அங்கே வரவேற்பில் நெடுநேரம் காக்கவைத்த பிறகு வந்த தொழில்நுட்பப் பணியாளர், எடுத்த எடுப்பில் டார்ச்சைக் கழற்றி ஓரமாக வைத்தார். ராட் பிடிக்கும் ஹோல்டரை மாட்டினார். ஆர்கான் தேவைப்படாத, இரும்புக்கான 6013 ராடை எடுத்து, கீழே கிடந்த இரும்புப் பட்டையில் தட்டி ஆர்க் பிடித்து, "நல்லாத்தானே சார் எரியுது" என்றார். நான் பையிலிருந்து சுத்தம் செய்து தாளில் சுற்றிக் கொண்டுபோன அலுமினியத் துண்டுகளை மேஜைமேல் வைத்து, டிக்கில் ஏசியில் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டேன். ஆர்கான் சிலிண்டர் காலியாகிவிட்டதாம், நாளை வருமாம், வந்ததும் சோதித்து அனுப்புவார்களாம். டிக் இயந்திரம் விற்கும் நிறுவனத்தின் சேவை மையத்தில் ஆர்கான் இல்லை என்பதை ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். இயந்திரத்தை விட்டுவிட்டு வெறுங்கையோடு இரவுப் பேருந்தில் ஊர் திரும்பினேன்.

அது வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஒட்டியிருந்த ஜாப் கார்டில் "டிக் ஏசி/டிசி டெஸ்ட் ஓகே" என்று எழுதிக் கையொப்பமும் இட்டிருக்கிறார்கள். என் அலுமினியத் துண்டுகள் நான் சுற்றிய தாளோடு, நான் கட்டிய ரப்பர் வளையத்தோடு, பிரிக்கப்படாமல் பெட்டிக்குள் இருந்தன. எதன்மேல் சோதித்தார்கள் என்பதை எனக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

புதிய குறையும் அந்தப் பயணத்தின் பரிசுதான். முன்பு ஆர்க்கை அணைத்த பிறகும் ஆர்கான் வந்துகொண்டிருக்கும். 10 ஆம்பியருக்கு ஒரு விநாடி என்ற கணக்கில் 120 ஆம்பியருக்கு 12 விநாடி வைத்திருந்தேன். இப்போது ஆர்க் அணைந்த கணமே கேஸும் நின்றுவிடுகிறது. போஸ்ட் ஃப்ளோவை, அதாவது ஆர்க் அணைந்த பின் கேஸ் வரும் நேரத்தை, எந்த எண்ணில் வைத்தாலும் இதே கதை. சூடான டங்ஸ்டன் காற்றில் வெந்து, நீலமாகி, கருப்பாகி, அடுத்த முறை ஆர்க் பிடிக்கும்போது பொரிந்து உதிர்கிறது. கடைசியாக உருகிய இடத்திலும் பாதுகாப்பு இல்லாததால் குழி விழுந்து புள்ளி புள்ளியாகத் துளைகள். அதாவது நன்றாக இருந்த டிசியையும் கெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் வால்வின் இணைப்பை யாரோ கழற்றிச் சரியாக மாட்டவில்லை என்பதைத் தவிர வேறு என்ன நினைப்பது?

இழப்பைச் சொல்கிறேன். வானியல் ஆர்வலரான என் மகனுக்காக 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஒரு தொலைநோக்கித் தாங்கி செய்யத்தான் இந்த இயந்திரத்தையே வாங்கினேன். செப்டம்பர் 7ஆம் தேதி இரவு முழு சந்திர கிரகணம்; நிலா 82 நிமிடங்கள் முழுமையாக மறைந்து செந்நிறமாக இருந்தது. தாங்கி இல்லாமல் தொலைநோக்கி அலமாரியிலேயே இருந்தது. நம் ஊரிலிருந்து முழுவதுமாகப் பார்க்கக்கூடிய அடுத்த முழு சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31 அன்றுதான். செப்டம்பர் 7 இரவு மேகம் இருந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். இந்த இழப்புக்கு நான் போடும் மதிப்பு ஐம்பதாயிரம் ரூபாய், அதுவும் குறைத்துத்தான். வீணான ஆர்கான், ராட், டங்ஸ்டன், போக்குவரத்து, இடுப்புக்கான மருத்துவச் செலவு தனி. ஒரு பருவம் முழுவதும் பட்டறை முடங்கியதால் அக்கம்பக்கத்தில் எனக்கிருந்த நற்பெயரும் போயிற்று. அதற்கு எவ்வளவு போடுவது என்று தாங்களே சொல்லுங்கள்.

நான் சண்டைக்காரன் அல்லன். தங்கள் டிசி ஆர்க்கின் நிதானத்தை இன்றும் மற்றவர்களிடம் புகழ்ந்துதான் பேசுகிறேன். ஆனாலும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க எனக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க அச்சட்டத்தின் 38ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) வளாகத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கும் ஊர் இது. ஏசி எது, டிசி எது என்று பிரித்துச் சொல்ல இங்கே ஆள் பஞ்சம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்ய இருக்கிறேன். தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று தங்கள் வழக்கறிஞர் வாதாட நினைக்கலாம். நான் பொழுதுபோக்குக்காரன் என்பதைத் தங்கள் பணியாளரே தொலைபேசியில் அழுத்தந்திருத்தமாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஒலிப்பதிவை அழித்துவிடாமல் வைத்திருங்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தகுதியுள்ள ஒருவரை என் பட்டறைக்கு அனுப்பி, என் முன்னிலையில் ஏசியில் அலுமினியத்தை ஒட்டிக் காட்டச் செய்யுங்கள். ஒட்டாவிட்டால் அன்றே மாற்று இயந்திரம் தர வேண்டும், அல்லது முழுப்பணத்தையும் மேற்சொன்ன இழப்பீட்டோடு சேர்த்து என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். மறுபடியும் கோயம்புத்தூருக்குத் தூக்கி வரச் சொன்னால் வரமாட்டேன். பில், ஜாப் கார்டு ஆகியவற்றின் நகல்களையும், நீலம் பாய்ந்த டங்ஸ்டன் ஒன்றையும் இத்துடன் வைத்துள்ளேன்.

காலை 10 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வருகிறவர் சிலிண்டர் தூக்கி வர வேண்டாம். ஆர்கான் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்.