ஆண்டறிக்கை: மார்க் கேட்பதற்கு முன்னால் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்

தலைவர் அவர்களுக்கும், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, கடத்தூர் பக்கமிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கும், ஊருக்கு வந்த கையோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் சீனியர் பிள்ளைகளுக்கும் வணக்கம். மருத்துவம் படிக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் துணை நிற்கிற நம் சங்கத்தின் வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஸ்டெதஸ்கோப், வெள்ளைக் கோட்டு, பாடம் படிக்க எலும்பு செட் எல்லாம் வழக்கம்போல் கொடுத்தோம். எலும்பு செட்டை மட்டும் முதல் வருடம் முடிந்ததும் திருப்பித் தந்துவிடுங்கள், அடுத்த பிள்ளைக்கு வேண்டும்.

2008இல் தருமபுரிக்கும் 2022இல் கிருஷ்ணகிரிக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் வந்து, அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அதனால் பணத்துக்கு அலைகிற வேலை நமக்குக் குறைந்திருக்கிறது. சேர்ந்த பிறகு பிள்ளை படுகிற பாடுதான் இப்போது நம் முன்னால் இருக்கிறது, இந்த வருடம் சங்கத்தின் நேரம் பெரும்பாலும் அதற்கே போனது.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், வீட்டில் சம்மதம் கேட்டுத்தான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், பள்ளியில் முதல் மாணவி. கல்லூரியில் பாடம் முழுக்க ஆங்கிலம், கைக்குப் போகிற நரம்புப் பின்னலின் பெயரை 'ப்ரேக்கியல் ப்ளெக்ஸஸ்' என்று புத்தக ஓரத்தில் தமிழில் எழுதி வைத்துப் படித்திருக்கிறாள். பதில் தெரிந்தும் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வாய் வரவில்லை, உடற்கூறு பாடமான அனாடமியில் கல்லூரி வைக்கிற இன்டர்னல் தேர்வில் ஃபெயில். அப்பாவுக்கு பெங்களூரில் கட்டட வேலை. தினமும் ராத்திரி போன் போட்டு முதல் வார்த்தையாக, "என்ன கண்ணு, எவ்ளோ மார்க்கு?" என்பார். பாசத்தில்தான் கேட்டார். அந்தப் பிள்ளை முதலில் போன் எடுப்பதை நிறுத்தினாள், அப்புறம் மெஸ்ஸுக்குப் போவதை, அப்புறம் வகுப்புக்குப் போவதை. பக்கத்து அறை சீனியர் கவனித்து நமக்குச் சொன்னதால்தான் தெரிந்தது.

வகுப்புக்குப் போகாதது இதில் ரொம்ப முக்கியம். வெட்கப்பட்டு அறைக்குள் உட்கார்ந்தால் தியரிக்கு வேண்டிய 75, பிராக்டிகலுக்கு வேண்டிய 80 சதவீத வருகை இல்லாமல் போய், பரீட்சை எழுதவே விடமாட்டார்கள். மார்க்கில் ஆரம்பிக்கிற சிக்கல் அங்கேதான் பெரிதாகிறது. நம் துணைத்தலைவர் அக்கா அந்தப் பெண்ணின் அப்பாவிடம் நிதானமாகப் பேசினார், அவரும் புரிந்துகொண்டு மறுநாளிலிருந்து "சாப்டியா கண்ணு" என்று மட்டும் கேட்டிருக்கிறார். சீனியர் தினமும் அரை மணி நேரம் எதிரில் உட்கார்ந்து வைவா மாதிரியே கேள்வி கேட்டு, வாய்விட்டுப் பதில் சொல்ல வைத்தாள். முதல் வருடத் தேர்வில் அனாடமி போய்விட்டது, ஆனால் தவறியவர்களுக்கு மறுபடி வைக்கிற சப்ளி தேர்வில் தேறி அதே பேட்ச்சோடு இரண்டாம் வருடம் போய்விட்டாள்.

சப்ளி என்றால் எல்லாம் போச்சு என்று நினைக்கிற பெற்றோர் இங்கே பலர் இருக்கிறீர்கள். முதல் வருடத் தேர்வுக்கு நான்கு வாய்ப்பு வரை விதியே கொடுக்கிறது, இதை உங்கள் பிள்ளையிடம் நீங்களே சொல்ல வேண்டும், நாங்கள் சொன்னால் பாதிதான் ஏறும். தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் தந்த அறிக்கையில், கருத்துக்கணிப்பில் பதில் சொன்ன எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்கில் ஒரு பிள்ளைக்கு மேல்! நம் பிள்ளைக்கு மட்டும் தைரியம் இல்லை என்று தயவுசெய்து யாரும் பேசாதீர்கள். நீட்டுக்காக ஒரு வருடம், இரண்டு வருடம் தனியாக உட்கார்ந்து படித்து, களைத்துப்போய்தான் பல பிள்ளைகள் கல்லூரிக்குள்ளேயே நுழைகிறார்கள்.

தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'மனம்' திட்டத்தில் மருத்துவக் கல்லூரிகளில் மனநல நல்லாதரவு மன்றம் இருக்கிறது. மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. விடிய விடிய தூக்கம் இல்லாமல் இருந்தாலோ, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினாலோ பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

வரும் ஆண்டில் சேர்க்கை முடிந்து பிள்ளைகள் விடுதிக்குக் கிளம்பும் முன் பெற்றோருக்கென்று தனிக் கூட்டம் வைக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. மேலே சொன்ன அப்பாவே அதில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் அதே கல்லூரியில் ஒரு சீனியர் வேண்டும், பெண் பிள்ளைகளுக்குப் பெண் சீனியர். சென்னை, மதுரை கல்லூரிகளுக்கு இன்னும் ஆள் போதவில்லை. முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் இணைச்செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்