பழைய தொகுப்பானைத் திருப்பித் தாருங்கள்

மென்பொருள் உருவாக்கக் குழுவினருக்கு,

வணக்கம். பக்கம் எப்படித் தெரியுமோ அப்படியே வைத்துத் திருத்தும் புதிய காட்சித் தொகுப்பான், குறியீடு கொண்டு எழுதும் பழைய தொகுப்பானின் இடத்தில், எங்கள் தமிழ் விக்கிப்பீடியாவிலும் இயல்பிருப்பாக (யாரும் தேர்ந்தெடுக்காமலே தானாகத் திறப்பதாக) வந்துவிட்டது. இங்கே என்ன ஆனது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்களில் மூத்த பங்களிப்பாளர் ஒருவர், பணி ஓய்வுக்குப் பிறகு கணினி கற்றுக்கொண்டவர். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வரவழைப்பார். அந்த முறையில் முதலில் 'ம்' விழும், அடுத்த விசையில் அதுவே 'ம' ஆகும். புதிய பெட்டியிலோ முதலில் விழுந்த எழுத்து மாறுவதே இல்லை. 'மரம்' என்று அடித்தால் 'ம்அர்அம்' என்று நிற்கிறது. அழித்து அழித்துத் திரும்ப அடித்திருக்கிறார். கடைசியில் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "எனக்குத்தான் கை சரியில்லையோ?" என்று கேட்டார். மூன்று வாரமாக அவர் ஒரு வரிகூடத் தொகுக்கவில்லை.

புதியவர்களுக்கு இந்தத் தொகுப்பான் எளிது என்கிறீர்கள். குறியீடு தெரியாமலே எழுதலாம் என்பது நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எழுத்தே விழாத இடத்தில் புதியவர் மட்டும் என்ன செய்வார்? எங்கள் மொழியில் சோதித்து, நாங்கள் சரி என்று சொல்லும்வரை பழைய தொகுப்பானே இயல்பிருப்பாக இருக்கட்டும். புதியது வேண்டுமென்பவர் விருப்பத்தேர்வில் போய் எடுத்துக்கொள்ளட்டும்.

இது புதிய கோரிக்கையும் இல்லை. 2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் காட்சித் தொகுப்பானை இயல்பிருப்பாக்கினார்கள். பங்களிப்பாளர்கள் எதிர்த்ததால் அந்தச் செப்டம்பரிலேயே அது விருப்பத்தேர்வானது. பெரிய சமூகம் சொன்னால் மூன்றே மாதத்துக்குள் நடக்கிறது. நாங்கள் பதிந்த வழு அறிக்கை (மென்பொருள் கோளாறு பற்றிய புகார்) யாரும் தொடாமல் அப்படியே கிடக்கிறது. அறிவிப்பு ஆங்கிலத்தில், கருத்துப் படிவமும் ஆங்கிலத்தில். தமிழில் மட்டுமே எழுதத் தெரிந்தவர் தன் குறையை எங்கே போய்ச் சொல்வார்? சம்பளம் இல்லாமல், தூக்கத்தை விட்டு எழுதுகிறவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

கோபம் கொஞ்சம் மிஞ்சிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பை நான் குறைவாக நினைக்கவில்லை. சோதிக்க ஆள் வேண்டுமென்றால் நாங்கள் நான்கைந்து பேர் தயாராக இருக்கிறோம். எந்த விசைப்பலகையில் எந்த எழுத்து உடைகிறது என்று எழுதியே தருகிறோம். அதுவரை, தயவுசெய்து, பழைய தொகுப்பானை இயல்பிருப்பாகத் திருப்பித் தாருங்கள். அந்தப் பெரியவரிடம் நான் சொல்ல வேண்டும், கோளாறு அவர் கையில் இல்லை என்று.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வத் தொகுப்பாளர்