காசு போடும் சலவை மெஷின் கடைக்காரர்கள் சங்கம், நீலகிரி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மழையையும் பார்க்காமல் குன்னூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எத்தனை கூட்டம் நடந்தது, யார் தலைமை தாங்கினார் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஆண்டு நாம் செய்த உருப்படியான வேலை என்று நான் நினைப்பது செட்டிங் நோட்டு, அதாவது ஒவ்வொரு மெஷினிலும் போட்டிருக்கும் எண்களை எழுதி வைக்கும் நோட்டு. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

ஆடி மாத மழையில் மலைப்பாதை அடைபட்டு, கோவை மெக்கானிக் மேலே வர முடியாமல் போன நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது என் கடையில் ஒரு மெஷினை இயக்கும் மின்னணு போர்டு போய்விட்டது. கையில் இருந்த மாற்றுப் போர்டை நானே மாட்டினேன். மெஷின் ஓடியது. ஆனால் விலை, துவைக்கும் நேரம், அலசும் தடவை எல்லாம் கம்பெனி அனுப்பிய கணக்குக்குத் திரும்பிவிட்டன. பழைய எண்கள் என்ன என்று எனக்கும் தெரியவில்லை, கடைப் பையனுக்கும் தெரியவில்லை. அந்தப் போர்டு விலையை ரூபாயில் கேட்காது. ஒரு காசின் மதிப்பு ஓரிடத்தில், எத்தனை காசு என்பது இன்னோரிடத்தில் போட வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் கணக்கு எங்கோ போய்விடும். முழு நாளும் கடை மூடிக் கிடந்தது. எழுதி வைக்காதது என் தவறு.

அந்த வாரமே நோட்டு தொடங்கினோம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பக்கம்: மாடல் எண், காசின் மதிப்பு, காசு எண்ணிக்கை, ஒவ்வொரு புரோகிராமின் நிமிடங்கள், தண்ணீர் அளவு, காசு பெட்டி (காசைச் சோதித்து வாங்கும் கருவி) போர்டுக்கு அனுப்பும் பல்ஸ், அதாவது மின்துடிப்பு. இதன் நகல் ஒன்றை மெஷினின் சர்வீஸ் கதவுக்கு உள்பக்கம் ஒட்டச் சொன்னோம். பேனா எழுத்து பனி ஈரத்தில் ஊறிப் போகிறது, பென்சிலால் எழுதுங்கள். எந்த எண்ணை மாற்றினாலும் முதலில் பழையதை எழுதி, பக்கத்தில் தேதி போட்டு, அப்புறம் பட்டனில் கை வையுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி நாட்கள் நமக்குக் கீழேயிருந்து ஆள் தேவைப்படாது.

நோட்டின் பின்பக்கங்களில் கோளாறுகளை எழுதி வருகிறோம். அதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது மலைக்காரர்களுக்கே வரும் கோளாறு.

கோத்தகிரி அக்கா ஒருவர் கடையில் மெஷின் 'ஐ.இ.' காட்டிக்கொண்டே இருந்தது. எல்ஜி வகை மெஷின்களில் தண்ணீர் வரவில்லை என்பதற்கு அதுதான் குறி. அவர் குழாயின் வடிகட்டியைக் கழுவினார், உள்வரும் வால்வை இரண்டு தடவை மாற்றினார். பணம்தான் போனது. நாங்கள் மூன்று பேர் போனோம். காசு போட்டு ஓடவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தோம். குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. டிரம்மில் மட்டும் ஏறவில்லை. மெஷினுக்குப் பின்னால் வெளிக்குழாயில் கை வைத்துப் பார்த்தால், துவைக்கவே தொடங்காத மெஷினிலிருந்து சில்லென்று தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குழாய் தரையோடு கிடந்து, சுவரைத் தாண்டி, கீழ் மட்டத்தில் இருக்கும் சாக்கடைக்கு இறங்குகிறது. நாற்றம் வராமல் இருக்க வாயை டேப் சுற்றி இறுக்கியும் இருந்தார்கள். குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்ததும் அதன் எடையே உள்ளே இருக்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகிறது. நிரம்பும் வேகமும் இறங்கும் வேகமும் சமம், மெஷின் காத்திருந்து அலுத்து ஐ.இ. காட்டுகிறது.

குழாயை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, அங்கிருந்து ஒரு பெரிய பிவிசி குழாய்க்குள் தளர்வாக, காற்று புகும்படி விட்டோம். அடுத்த ஓட்டத்தில் கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து அக்கா கை தட்டிவிட்டார். தண்ணீரை வெளியேற்றப் பம்ப் வைத்த மெஷின் உள்ளவர்கள் எல்லோரும் இன்றே கடைக்குப் போய் உங்கள் வெளிக்குழாயைப் பாருங்கள். நம் ஊரில் சாக்கடை எப்போதும் கடையை விடத் தாழ்வாகத்தான் இருக்கும்.

உண்மையாகவே தண்ணீர் வராத இடங்களில், தொட்டி உயரத்தைப் பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம். தலைக்கு மேலேயே தொட்டி வைத்தவர்களுக்கு அதில் கால் பங்குகூடக் கிடைக்காது. சின்ன பிரஷர் பம்ப் போடுவதுதான் வழி.

காசு விஷயம். 10 ரூபாய் காசு செல்லாது என்ற பேச்சு இன்னும் முழுதாக ஓயவில்லை. அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. அதைத் தமிழில் எழுதிக் கடையில் ஒட்டச் சொல்லியிருக்கிறோம். ஆனால் நாம் வாங்கினால் போதாது, மெஷினும் வாங்க வேண்டும். பழைய 15 ஒளிக்கதிர்க் காசு, ரூபாய் குறியும் 10 ஒளிக்கதிரும் உள்ள காசு, 2019 முதல் வந்த தானியக் கதிர் படம் போட்ட காசு எல்லாம் 27 மில்லிமீட்டர்தான். எடையில் மட்டும் இம்மியளவு வேறுபாடு. காசு பெட்டிக்கு மாதிரிக் காசு போட்டுப் பாடம் சொல்லும்போது ஒரே வகைக் காசை இருபது தடவை போட்டால் மற்ற வகைகளைத் துப்பிவிடும். மூன்று வகையையும் கலந்து, புதுசும் தேய்ந்ததுமாகப் போடுங்கள்.

நம்மில் பலர் வைத்திருக்கும் பெட்டியில் நான்கு எழுத்துகள்: 'இ' காசு வகை எத்தனை, 'ஹெச்' மாதிரிக் காசு எத்தனை, 'பி' ஒரு காசுக்கு எத்தனை பல்ஸ், 'எஃப்' எவ்வளவு கண்டிப்பு. எஃப் எண் சிறிதானால் கண்டிப்பு அதிகம். நல்ல காசைத் துப்புகிறது என்று எஃப்பை மேலே மேலே ஏற்றுவது சரியல்ல. 20 ரூபாய் காசும் அதே 27 மில்லிமீட்டர், அதை 10 என்று விழுங்கினால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு. 20 ரூபாயைத் தனி வகையாகவே சொல்லிக்கொடுங்கள். காசு விழுந்தும் போர்டில் ஏறவில்லை என்றால் பல்ஸ் வேகத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள். அதற்கும் முன்னால் உண்டியல் நிறைந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். சீசனில் வந்த புகார்களில் பல அதுதான்: உண்டியல் நிரம்பி, காசு வழியிலேயே அடுக்கி நின்றிருந்தது. காசு வழியில் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். பஞ்சு ஒட்டிக் கெட்டியாகிவிடும்.

மூடுபனி மாதங்களில் போர்டின் பின்களில் (இணைப்பு ஊசிகளில்) பச்சை பூக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. மார்கழி, தை உறைபனியில் வேறொரு தொல்லை: சுடுதண்ணீர் புரோகிராமில் தண்ணீர் சூடேறும்வரை நேரம் நகராமல் நிற்கும். மெஷின் நின்றுவிட்டது என்று வாடிக்கையாளர் பட்டனைத் தட்டுகிறார், காசு போகிறது. 'தண்ணீர் காய்கிறது, பொறுங்கள்' என்று ஒரு பலகை வைத்ததில் சண்டை குறைந்தது.

துணி உலர்த்தும் கேஸ் டிரையர் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் ஒன்றைக் கேளுங்கள். உதகை 2,240 மீட்டர் உயரம், காற்று மெலிவு. 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 4 சதவீதம் கேஸைக் குறைப்பது வழக்கமான கணக்கு. அதற்கேற்ற ஜெட்டை (கேஸ் வரும் சிறு துளை முனையை) போடாமல் ஓட்டினால் சுடர் மஞ்சளாகிக் கரி பிடிக்கும், விஷ வாயுவும் வரும். ஜெட்டை உரிமம் உள்ளவர்தான் மாற்ற வேண்டும்.

நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கான இ-பாஸ் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வாகனம்தான் என்ற வரம்பும் வந்தபின் லாட்ஜ் துணி வார இறுதியை ஒட்டி மொத்தமாக வருகிறது. திங்கட்கிழமை காலையில் எந்தக் கடையில் மெஷின் சும்மா இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறோம்.

சலவைத் தொழிலில் நமக்கெல்லாம் மூத்தவர், தேயிலைக் கறை எடுக்கக் கற்றுக்கொடுத்த பெரியவர் இந்த ஆண்டு நம்மோடு இல்லை. கூட்டத்தின் இறுதியில் அவருக்காக எழுந்து நிற்போம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மழையில் என்னோடு கடை கடையாக வந்த இரண்டு உறுப்பினர்களுக்கும், நோட்டுக்குப் படம் வரைந்து தந்த தங்கைக்கும் நன்றி. நோட்டில் இன்னும் சேராத மெஷின்களுக்குப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன; மேசைமேல் பென்சிலும் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்