வீட்டுக்கு ஏழு நொடி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வாசகர் ஒருவர், ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வராதவருக்கு எங்கள் ஓட்டும் கிடையாது என்று எழுதியிருந்தார். நானும் அப்படிப் பேசிக்கொண்டிருந்தவன்தான். 2021 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டத்தில் ஒரு வேட்பாளரின் வண்டிக்கு முன்னால் பைக்கில் போய் வழி காட்டும் வேலை எனக்கு வந்தது. எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம், இப்போது நான் எந்தக் கட்சியிலும் இல்லை. ஆனால் அதற்கு அப்புறம் இந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

கணக்கைப் பாருங்கள். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் 234 தொகுதிக்கு ஏறத்தாழ 6.28 கோடி வாக்காளர்கள். சராசரியாகத் தொகுதிக்கு 2.68 லட்சம். வீட்டுக்கு நாலு ஓட்டு என்று வைத்தாலும் 67,000 வீடு. மார்ச் 22-ல் மனுவைத் திரும்பப் பெறும் கெடு முடிந்தது. சுயேச்சைகள் கைக்குச் சின்னம் வந்ததே அதற்குப் பிறகுதான். ஏப்ரல் 4 மாலை 7 மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது. நடுவில் 13 நாள். நாளுக்குப் பத்து மணி நேரம் நடந்தால் வீட்டுக்கு ஏழு நொடி வருகிறது. பெரிய கட்சிகளின் பட்டியல் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டது, சரி, அவர்களுக்குப் பதின்மூன்று நொடி. இதுவும் சராசரிக் கணக்குதான். சோழிங்கநல்லூர் மாதிரி அப்போது ஏழு லட்சம் வாக்காளர்களை நெருங்கிய தொகுதி என்றால் செருப்பைக் கழற்றக்கூட நேரம் இருந்திருக்காது.

இந்த நாள் கணக்கில் எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். அத்தனை பேரும் வீடு வீடாக வந்திருந்தால் ஊரில் டம்ளர் பத்தியிருக்காது! அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். மனுவைத் திரும்பப் பெறும் நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 20 நாள் வேண்டும் என்றிருந்தது 14 ஆனதும் அதே திருத்தத்தில்தான்.

நாள் குறைந்தது, ஆனால் நாம் எதிர்பார்ப்பது குறையவில்லை. எங்கள் வேட்பாளருக்கு விடிகாலையில் காய்கறிச் சந்தை, அங்கேயே ஒரு டீ. ஒன்பது மணிக்குக் கிராமங்கள். பங்குனி வெயிலில் திறந்த ஜீப்பில் நின்றபடியே ஒரு மணி வரை. மதியம் படுக்கலாம் என்றால் ஒரு காதுகுத்து, ஒரு துக்க வீடு. போகாவிட்டால் அதைச் சொல்லிக்காட்ட ஆள் இருக்கிறது. சாயங்காலம் மறுபடி ஜீப், இரவு பத்து மணிக்கு மைக்கை நிறுத்தும்வரை. மூன்றாம் நாளே தொண்டை கட்டிவிட்டது. மிச்ச நாளெல்லாம் பக்கத்தில் நின்றவர் பேசினார், இவர் கும்பிட்டார்.

அதைவிடக் கஷ்டம் ஒன்று உண்டு. எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார், எந்தத் தெருவில் குடிக்கவில்லை என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். மேலத்தெருவில் மோர் குடித்துவிட்டுக் கீழத்தெருவில் 'இப்பத்தான் குடிச்சேன்' என்றால், அது வயிறு நிறைந்த பேச்சாக அங்கே கேட்காது. அந்த விஷயத்தில் எங்கள் ஆள் கெட்டிக்காரர், எல்லா இடத்திலும் ஒரு வாய் குடித்தார். ஆரத்தித் தட்டில் காசு போட்டால் வழக்கு வரும் என்பதால் வெறும் கையால் தட்டைத் தொட்டுக் கும்பிடுவார். தட்டு ஏந்தியவர் முகம் வாடுவதைப் பின்னால் நிற்கிறவர்கள்தான் சமாளிக்க வேண்டும். கொரோனா காலம், வீடு வீடாகப் போனால் வேட்பாளரோடு சேர்த்து ஐந்து பேர்தான் என்று விதி. எங்கள் ஒன்றியத்தில் அதை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் நடுவே அவர் மக்களோடு பேசியதை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் டயர் பஞ்சரானதால். ஒரு சின்ன ஊரில் வண்டி நின்றுவிட்டது, ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. வேறு வழியில்லாமல் வேப்பமரத்தடியில் கிடந்த கல்லில் உட்கார்ந்தார். முதலில் எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் ஒரு பாட்டி, "சாமி, காலைல வந்துட்டிருந்த பஸ்ஸு இப்ப வர்றதில்ல, புள்ளைக நடந்துதான் போகுதுங்க" என்று ஆரம்பித்தார். எந்த பஸ், எப்போது நின்றது, எத்தனை பிள்ளைகள் என்று இவர் திருப்பிக் கேட்டார். நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை. கிளைச் செயலாளர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அவர் பயந்த மாதிரியே அன்று ஆறு தெரு விட்டுப்போனது. ராத்திரி அந்த ஆறு தெருவிலிருந்தும் போனில் திட்டு. 'எங்களை மனுஷனா மதிக்கல' என்றார்கள். அவர்களுக்குக் கிடைக்காமல் போனது ஏழு நொடிக் கும்பிடு.

அந்தத் தேர்தலில் 80 வயது தாண்டியவர்களுக்குத் தபால் ஓட்டு வந்தது. கேட்டு விண்ணப்பித்தவர்கள் வீட்டுக்கே அலுவலர்கள் சீட்டோடு போனார்கள். எங்கள் பெரியம்மாவும் அப்படி ஓட்டுப் போட்டவர். "ஓட்டே ஊட்டுக்கு வந்துருச்சு, ஓட்டுக் கேக்கறவனக் காணோம்" என்றார் என்னிடம். அவர் வீடும் அந்த ஆறு தெருவில் ஒன்றில்தான் இருக்கிறது. நான் பதில் சொல்லவில்லை.

தேர்தல் நேரத்தில் உங்கள் உள்ளூர்ப் பக்கத்தில் தலைவர்களின் பயணத் திட்டம் வருகிறது. அதோடு, ஒவ்வொரு வேட்பாளரும் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த ஊரில் வண்டியை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் உட்காருவார் என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். ஊர்வலம் எங்கே தொடங்கி, எந்த வழியாகப் போய், எங்கே முடியும் என்பதைப் போலீசுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று நடத்தை விதியே சொல்கிறது. அதனால் நேரமும் இடமும் சொல்வது அவர்களுக்குப் புதிய வேலை இல்லை. கேட்க ஏதாவது இருக்கிறவர்கள் அங்கே வந்துவிடுகிறோம். ஆரத்தித் தட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு மாவட்டம்.